நுவரெலியாவில் ஒரு வாரம் வாங்கப் போனது

எந்தக் குலுக்கலிலும் பெயர் விழாத குடும்பம் எங்களுடையது. அதனால் நுவரெலியாவில் மூன்று இரவு தங்கும் பரிசு எங்களுக்கு விழுந்திருப்பதாகத் தொலைபேசியில் ஒரு பெண் கொஞ்சிக் கொஞ்சிச் சொன்னபோது, நான் கேட்ட முதல் கேள்வி, "எங்க நம்பரை உங்களுக்கு யார் கொடுத்தது?" என்பதுதான்.

கொடுத்தவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். திருச்சியில் நடந்த ஏதோ பொருட்காட்சியில் என் கணவர் ஒரு கூப்பனை நிரப்பிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்திருக்கிறார். அது ஒரு விடுமுறை கிளப். ஒரே தடவை பெரிய தொகையைக் கட்டிவிட்டால் இருபத்தைந்து வருடத்துக்கு வருடாவருடம் நம் பெயரில் இத்தனை 'பாயின்ட்' என்று வரவு வைப்பார்கள். அந்தப் பாயின்ட்டைக் கொடுத்து ஊட்டியிலோ கோவாவிலோ இலங்கையிலோ அவர்களுடைய விடுதிகளில் குடும்பத்தோடு தங்கிக்கொள்ளலாம்.

திருச்சி ஹோட்டல் ஒன்றில் இரண்டு மணிநேரம் உட்கார வைத்து இதை எங்களுக்கு விளக்கினார்கள். என் கணவர் சண்முகம் வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கிய பணத்தோடு பேனாவையும் தயாராக வைத்திருந்தார். கணவன், மனைவி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது கிளப்பின் விதி. அந்த விதியை எழுதிய புண்ணியவான் நன்றாக இருக்கட்டும். "இடத்தைக் கண்ணால பாக்காம நான் போடமாட்டேன்" என்றேன். அப்படியானால் போய்ப் பார்த்துவிட்டே போடுங்கள் என்று, தொலைபேசியில் சொன்ன பரிசுக்கான கடிதத்தைக் கையில் கொடுத்தார்கள். விமானச் செலவு எங்களுடையது என்ற விவரம் கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. சோழியன் குடுமி சும்மா ஆடாது.

நான் இப்படித்தான். இருபத்தெட்டு வருடம் முத்திரை ஆய்வாளராக வேலை பார்த்தவள். கடைத் தராசுகளைச் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்தி, இல்லாவிட்டால் வழக்குப் போடுகிற வேலை. காந்தி மார்க்கெட்டில் என் தலை தெரிந்தால் பாதிக் கடைக்காரர்கள் தராசைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அவர் ஏன் இந்தக் கிளப்புக்கு இப்படிப் பறந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு ஒரே மகன், முரளி. கோயம்புத்தூரில் இருக்கிறான். மருமகள் சுதா, தன் தம்பி கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள என்னுடைய நாலு பவுன் சங்கிலியை வாங்கிப் போனாள். திருப்பிக் கொடுத்த அன்றே நான் அதைப் பெரிய கடை வீதிக்குக் கொண்டுபோய் நிறுத்துப் பார்த்தேன். எடை சரியாக இருந்தது. கடைக்காரர் கொடுத்த எடைச் சீட்டோடு அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். பேத்திக்குக் காது குத்திய அன்று தோடு எடுக்கப் பெட்டியைத் திறந்த சுதா சீட்டையும் அதில் இருந்த தேதியையும் பார்த்துவிட்டாள். சீட்டும் கையுமாக என் முன்னால் வந்து நின்று ஏதோ கேட்டாள். நான் பதில் சொல்லாமல் அடுப்படிக்குப் போனேன். அன்று சாயங்காலம் கிளம்பிப் போனவர்கள் இரண்டு வருடமாக எங்கள் வாசற்படி மிதிக்கவில்லை. பேத்தி இப்போது எவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியாது.

கிளப் விண்ணப்பத்தில் 'உடன் பயணம் செய்யும் குடும்பத்தினர்' என்ற இடத்தில் அந்த மூன்று பெயர்களையும் அவர் முத்து முத்தாக எழுதி வைத்திருந்தார். அதைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தேன்.

இலங்கையில் போர்நிறுத்தம் இருந்த காலம் அது. விமானத்தில் இறங்கி மலைக்குப் போகும் வழியில் காவல் சாவடிகள் இருந்தன, ஆனால் யாரும் எங்களை நிறுத்தவில்லை. மலை ஏற ஏறக் குளிர் வந்தது. அவர் மஃப்ளரை எடுத்துத் தலையோடு சுற்றிக்கொண்டு, "ஊட்டி மாதிரியே இருக்கு" என்று பத்து தடவை சொன்னார். ஊட்டி மாதிரியே இருப்பதைப் பார்க்க ஊட்டிக்கே போகலாமே என்று நான் ஒரே தடவைதான் சொன்னேன்.

விடுதி அறை சுத்தமாக இருந்தது. அதுவே எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. வெந்நீர்க் குழாயைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு நிமிடம் கழித்து வெதுவெதுப்பாக வந்தது. விளம்பரப் புத்தகத்தில் சொன்ன 'ஏரிக் காட்சி' குளியலறை ஜன்னல் வழியாக, முக்காலி மேல் ஏறி நின்றால் கொஞ்சம் தெரிந்தது. "தெரியுதா இல்லையா?" என்றார் அவர். தெரிந்தது என்னவோ உண்மைதான்.

ஜன்னலுக்கு வெளியே மலை முழுக்கத் தேயிலை. வந்த தேநீரிலோ பாக்கெட் பால்பொடியின் வாசனை. கொண்டுவந்தவரிடம் நல்ல பால் கிடையாதா என்று கேட்டேன். "பால்மாதாங்க இங்க எல்லாரும் குடிப்பாங்க. பிளேன்டி வேணும்னா கொண்டாறேன்" என்றார். அவர் பேசியதைக் கேட்டு நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அச்சு அசல் எங்கள் லால்குடிப் பக்கத்துப் பேச்சு. அந்தக் கறுப்புத் தேநீர் மட்டும் அருமையாக இருந்தது. இரண்டு நாளில் எட்டுக் கோப்பை குடித்தேன்.

மறுநாள் கிளப் செலவில் சிவனொளிபாத மலை அடிவாரத்துக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. வேன் ஓட்டி வந்தவர் டேவிட். நாற்பது வயதிருக்கும், வட்டகொடைக்காரர். பேச்சுக்கு முன்னால் சிரிப்பு வந்துவிடும். தலவாக்கலை தாண்டுவதற்குள், "அம்மா, வீட்டுக்காரிக்கு மருந்து வாங்கி வச்சிருக்கேங்க. ஒரு எட்டு குடுத்துட்டுப் போயிறலாமுங்களா?" என்று கேட்டார். வேறு யாராவது கேட்டிருந்தால் வழியில் ஏதாவது கடையில் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று நினைத்திருப்பேன். டேவிட்டையும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மருந்துப் பொட்டலம் நிஜமாகவே முன்னால் கிடந்தது.

வட்டகொடை ரயில் நிலையத்துக்கு ஒரு மைல் இருக்கும்போது வேனின் பெல்ட் அறுந்தது. புகை வந்தது. டேவிட் மூடியைத் திறந்து பார்த்து, உச்சுக்கொட்டிவிட்டு, "ரோட்டோரமா இருங்க. பத்து நிமிசத்துல வந்தர்றேன்" என்று மருந்துப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு குறுக்கு வழியில் இறங்கி நடந்தார். அந்தப் பத்து நிமிடம் ஒன்றே கால் மணிநேரமாக நீண்டது.

சாலைக்கு மேலே தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. கொழுந்து மடுவம் என்றார்கள். பறித்த இலையை நிறுக்கிற இடம். தராசு என்றால் எனக்குக் கை கால் நிற்காதே. "வேண்டாம் வசந்தா, இது வேற நாடு" என்று அவர் சொல்லிக்கொண்டே பின்னால் வர, நான் ஏறிப் போய்விட்டேன்.

தலையில் பட்டையைப் போட்டு முதுகில் பையைத் தொங்கவிட்ட பெண்கள் வரிசையாக நின்றார்கள். தொங்கு தராசில் ஒவ்வொரு பையாக மாட்டி, ஒரு கணக்கப்பிள்ளை கிலோவைச் சத்தமாகச் சொல்லிக் குறித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு எடையிலும் ரெண்டு கிலோ கழித்தார். ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எதுக்குங்க ரெண்டு கழிக்கிறீங்க?"

"பைக்கும் தண்ணிக்கும்."

"மூணு நாளா மழையே இல்ல. எந்தத் தண்ணி?"

"காலையில பனி பேஞ்சுச்சுல்ல?" என்றார் கணக்கப்பிள்ளை, தலையைத் தூக்காமல்.

எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தாள், பிறகு பக்கத்தில் இருந்தவளிடம், "இன்னைக்கும் எனக்கு அரைப் பேருதான்டி" என்று சொல்லிக்கொண்டு வந்து வேலியோரம் உட்கார்ந்தாள்.

"என்னம்மா, பேரைக்கூடவா பாதியா வெட்டறாங்க?" என்று கேட்டேன். இப்போது என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் பெயர் சரசு. துணியில் கட்டி வைத்திருந்த தடித்த கோதுமை ரொட்டியில் பாதியைப் பிய்த்து, அதன்மேல் மிளகாய்ச் சம்பலை வைத்து என் கையில் கொடுத்தாள். கண்ணில் நீர் வந்தது. விடுதியின் காலை உணவில் இருபத்திரண்டு வகை வைத்திருந்தார்கள். அதில் ஒன்றுகூட இந்த ரொட்டிக்குப் பக்கத்தில் நிற்காது.

பெல்ட்டோடு திரும்பி வந்த டேவிட்தான் விளக்கினார். "ஒரு நாள் வேலைக்கு ஒரு பேருன்னு கணக்குங்க. சொன்ன கிலோ எடுத்தா முழுப் பேரு. கொறஞ்சா அரைப் பேரு, அரை நாள் சம்பளம்."

"எத்தனை கிலோ எடுக்கணும்?"

"அது தோட்டத்துத் தொரை சொல்றதுங்க. கொழுந்து நெறையா வர்ற மாசத்துல கூட்டுவாங்க."

"அப்ப காலையிலேர்ந்து நின்னு எடுக்கிறது இவங்க. எவ்வளவு எடுத்தா அது ஒரு நாள்ன்னு சொல்றது அவங்க."

"அதேதாங்க" என்று டேவிட் பெல்ட்டை மாட்டக் குனிந்தார்.

மஸ்கெலியா தாண்டி மலையடிவாரத்து நல்லதண்ணி போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டரை. கிளப்பின் புத்தகத்தில் அந்த இடம் விளக்குகளும் கடைகளும் பக்தர்களுமாக ஜொலிக்கும். நாங்கள் பார்த்தது தகரம் அடித்து மூடிய கடைகளையும் அவற்றின் வாசலில் படுத்திருந்த நாய்களையும். மலையின் உச்சி மேகத்துக்குள் இருந்தது. திறந்திருந்த ஒரே தேநீர்க் கடைக்காரர் எங்களைப் பார்த்து இரக்கப்பட்டார். "சீசன் இல்லீங்களே. மார்கழிக்கு மேல வாங்க. இப்ப பஸ்ஸே ஒண்ணு ரெண்டுதான் வரும்."

"படத்துல பொய் ஒண்ணும் இல்லையே. மாசம் போடலை, அவ்வளவுதான்" என்றார் என் கணவர். இந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

மூன்றாம் நாள் காலை, விற்பனைக் கூட்டம். பெரிய கூடம், வட்ட மேசைகள், மேசைக்கு ஒரு தம்பதி, ஒரு விற்பனை அதிகாரி. யாராவது கையெழுத்துப் போட்டால் மணி அடிப்பார்கள், எல்லாரும் கைதட்ட வேண்டும். முதல் அரைமணியில் மூன்று தடவை மணி அடித்தது. மூன்று தடவையும் எழுந்து சிரித்தது ஒரே தம்பதியோ என்று எனக்குச் சந்தேகம். திரும்பிப் பார்ப்பதற்குள் உட்கார்ந்துவிட்டார்கள்.

எங்களுக்கு வாய்த்தவரை ஸ்டீபன் என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயரைச் சொல்லமாட்டேன், ஏன் என்று போகப் போக உங்களுக்கே தெரியும். முப்பது வயது, கழுத்துப்பட்டி, வானொலியில் செய்தி வாசிப்பது போன்ற தமிழ். "உங்கள் குடும்பத்தின் மகிழ்ச்சியான தருணங்களுக்கு நாங்கள் உத்தரவாதம், மெடம்." மகிழ்ச்சிக்கு உத்தரவாதம் கொடுக்கும் யாரையும் நான் என் வேலைக்காலத்தில் விட்டு வைத்ததில்லை.

என் கணவருக்கு ஒரே கேள்விதான். "மே மாசம் முதல் வாரம், இங்கேயே, ரெண்டு படுக்கையறை வேணும். பேத்திக்கு அப்பத்தான் லீவு."

ஸ்டீபன் வண்ண அட்டவணையை விரித்தார். சாதாரண வாரங்கள் வெள்ளை, கூட்டம் வரும் வாரங்கள் சிவப்பு. எங்கள் ஆண்டுப் பாயின்ட்டில் வெள்ளையில் ஏழு நாள் தங்கலாம். ஏப்ரலும் மேயும் சிவப்பு. சிவப்பில் எத்தனை நாள் என்று கேட்டேன். அவர் கோவாவின் கடற்கரையைப் பற்றிப் பேசினார். மறுபடியும் கேட்டேன். பாயின்ட்டைச் சேமித்து வைக்கும் வசதியைப் பற்றிப் பேசினார்.

"இந்த அட்டவணையைப் போடறது யாரு?"

"கிளப் நிர்வாகம், மெடம்."

"அடுத்த வருஷமும் இதேதானா?"

"நிர்வாகம் ஆண்டுதோறும் மறுபரிசீலனை செய்யும், மெடம்."

"அப்படின்னா பாயின்ட் எங்களுது, அதுக்கு எத்தனை நாள்ங்கிறது உங்களுது." எரிச்சலில் வாய் தானாகச் சொல்லிவிட்டது. "மே மாசத்துல எங்களுக்கு அரைப் பேருதான்னு சொல்லுங்க."

ஸ்டீபனின் பேனா நின்றது. என்னையே பார்த்தார்.

"இது எங்க கேட்டீங்க?" என்றார். செய்தி வாசிக்கும் தமிழ் எங்கோ போய்விட்டது.

"வட்டகொடைக்குப் பக்கத்துல. கொழுந்து மடுவத்துல."

அவர் அட்டவணையின் ஓரத்தை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். "எங்கம்மா கொழுந்து எடுத்துத்தாங்க என்னையப் படிக்க வச்சாங்க" என்றார் மெதுவாக. "வேலைக்குப் பேரு குடுக்கிற பெரட்டுக் களத்துக்கு விடியறதுக்கு முன்னாடி போவாங்க. முழுப் பேரு விழுந்த அன்னைக்கு வீட்டுக்கு வர்ற நடையே வேற."

அப்போது அவருடைய மேலாளர் வந்து மேசையில் கை ஊன்றிச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். ஸ்டீபன் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். மேலாளரும் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். "இன்னும் எவ்வளவு நேரம்னு கேக்கிறாரு. ஐயா சம்மதிச்சிட்டாரு, அம்மாதான் யோசிக்கிறாங்கன்னு சொன்னேங்க."

பிறகு அதே சிரிப்பை முகத்தில் வைத்துக்கொண்டே சொன்னார். "ஆமாங்கம்மா. மே மாசம் உங்களுக்கு அரைப் பேருதான். மூணரை நாளு. அடுத்த வருசம் அதுவும் சொல்ல முடியாதுங்க. பராமரிப்புக் காசு மட்டும் வருசா வருசம் முழுசாக் கட்டணும்."

இதுவும் ஒரு தந்திரமோ என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது. என் புத்தி அப்படி. "எங்க எழுதியிருக்கு, காட்டுங்க" என்றேன். அவர் ஒப்பந்தத்தைப் புரட்டி, பதினோராம் பக்கத்தில் ஒரு வரியின் மேல் பேனா முனையை வைத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். அவர் சொன்னதுதான் இருந்தது.

என் கணவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டார். "வரோம் தம்பி" என்று எழுந்தார். எங்களுக்கு மணி அடிக்கவில்லை.

ஏரிக்கரையில் நடந்தோம். நான் ஜெயித்த மிதப்பில் பேசிக்கொண்டே போனேன். அந்த அட்டவணை, அந்தப் பதினோராம் பக்கம், தப்பித்த பணம். அவர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். மட்டக்குதிரை மேல் ஒரு குழந்தையை ஏற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அவங்க ஏமாத்துவாங்கன்னு எனக்கும் தெரியும் வசந்தா. முப்பது வருஷம் பேங்க்ல இருந்தவன் நான். முரளி நம்ம வீட்டுக்கு வரமாட்டான். கூப்பிடாம அவன் வீட்டுக்கு நாமளும் போக முடியாது. யாரோட வீடும் இல்லாத ஒரு வீடு இருந்தா வருவான்னு நெனச்சேன். மூணரை நாள்தானே? எனக்கு அது போதும்."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீ சரியாத்தான் பாத்த. எப்பவும் நீ சரியாத்தான் பாப்ப" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

மறுநாள் ரயிலுக்கு ஹட்டன் வந்தோம். டேவிட்தான் கொண்டுவந்து விட்டார். வண்டி இரண்டு மணிநேரம் தாமதம் என்றார்கள். வழக்கமாக என் கணவர் இந்த நேரத்துக்கு ஊரில் எந்தக் கடையில் வடை நன்றாக இருக்கும் என்று விசாரித்திருப்பார். அன்று பெட்டிகளின் மேல் உட்கார்ந்து தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டேவிட் ஏதேதோ சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்த்தார். முடியவில்லை. வண்டி வரும் வரை நிற்கவேண்டாம் என்று சொல்லி டேவிட்டை அனுப்பிவிட்டேன்.

எனக்கு உட்கார முடியவில்லை. கடைத்தெருவில் நடந்து வரலாம் என்று கணவரையும் கிளப்பினேன். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். இங்கே தொலைபேசிக் கடையைக் 'கொமினிகேஷன்' என்கிறார்கள். அந்தப் பலகையைப் பார்த்ததும் நின்றேன். அவரை வாசலில் இருக்கச் சொல்லிவிட்டுக் கண்ணாடிக் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். கோயம்புத்தூர் நம்பர் எனக்கு மனப்பாடம். இரண்டு வருடத்தில் எத்தனையோ தடவை பாதி வரை சுழற்றிவிட்டு வைத்திருக்கிறேன்.

சுதாதான் எடுத்தாள்.

"சுதா, அத்தை பேசறேன்."

அந்தப் பக்கம் குக்கர் சத்தம் மட்டும் கேட்டது. குக்கரை இறக்கும் ஓசையும், பிறகு அவள் மூச்சும் கேட்டன.

"சங்கிலியை நிறுத்துப் பாத்தது என் தப்புதாம்மா" என்றேன். வரும் வழியெல்லாம் வேறு ஏதேதோ சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

"நிறுத்ததுகூடப் பரவாயில்லைங்க அத்தை" என்றாள். "உங்க வேலையே அதுதானுங்களே. சீட்டோட உங்க முன்னாடி வந்து நின்னு, எடை சரியா இருக்குதுங்களா அத்தைன்னு கேட்டேன். அத்தனை சொந்தக்காரங்களும் பாத்துட்டு நின்னாங்க. நீங்க வாயே திறக்காம உள்ள போயிட்டீங்க. இன்னைக்கு வரைக்கும் எனக்கு அதுக்குப் பதில் வரலைங்க."

இருபத்தெட்டு வருடத்தில் நான் போட்ட வழக்குகளைவிட, சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்த சான்றுகள்தான் அதிகம். முன்பின் தெரியாத கத்தரிக்காய்க் கடைக்காரனுக்கெல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

"சரியா இருந்துச்சு சுதா" என்றேன். "ஒரு குன்றிமணிகூடக் குறையலை. அன்னைக்கே சரியாத்தாம்மா இருந்துச்சு."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கண்ணாடிக்கு வெளியே அவர் பெட்டிகளை இரண்டு கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, நான் யாரோடு பேசுகிறேன் என்று தெரியாமல் தெருவைப் பார்த்து நின்றார்.

"மாமா பக்கத்துல இருக்காருங்களா?" என்று கேட்டாள் சுதா. "பாப்பா பேசணும்ங்கறா."

கதவைத் திறந்து அவரைக் கூப்பிட்டேன்.